ஜீப்பில் வந்த டம்ளர்

காபி இன்னும் வரவில்லை. கங்கையா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தான். சலவைக்கல் குளுகுளுவென்று இருந்தது. வைக்கலாமா கூடாதா என்று சந்தேகம் வந்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். புத்தூரில் இந்தக் காபி கிளப்பு அவனுக்குப் புதிதல்ல. விறகு வண்டியோடு வந்து, பின்பக்கம் அடுப்படிவரைக்கும் போய் எத்தனையோ தடவை கட்டை இறக்கியிருக்கிறான். முன்வாசல் வழியாக நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். தெருவிலிருந்து பார்த்தால் இருட்டாகத் தெரியும் இடம், உள்ளே உட்கார்ந்து பார்த்தால் நல்ல வெளிச்சமாக இருந்தது. சுவரில் வெங்கடாசலபதி படம், அதற்குக் கீழே கல்லாவில் முதலாளி. முதலாளி சிரித்த முகமாக இருந்தார். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கவேண்டும் போலிருந்தது கங்கையாவுக்கு.

அடுத்த மேசையில் விசாரணை ஆபீசர் சீதாபதி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணா ஜில்லாக்காரர், சின்ன வயசு. தீண்டாமையை ஒழிக்கச் சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. சட்டம் ஊர்களில் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்த்து எழுத அவரை அனுப்பியிருந்தார்கள். சேரி ஆள் ஒருவனைக் காபி கிளப்பில் உட்காரவைத்து, என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்பார். அந்த ஆள் கங்கையா. அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டைகூட வாங்கித் தந்திருந்தார்கள். கழுத்துப் பட்டி கழுத்தை அறுத்தது.

மூலையில் இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவர் பாதியிலேயே எழுந்து கைகழுவப் போனார். சீதாபதி அதையும் பார்த்தார். எழுதவில்லை.

சர்வர் ஒருவழியாக டம்ளரைக் கொண்டுவந்து வைத்தான். வைத்த வேகத்தில் காபி கொஞ்சம் சிந்தியது. பித்தளை டம்ளர். வாய் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு, பக்கவாட்டில் ஒரு நெளிவு. கங்கையாவின் கட்டைவிரல் அந்த நெளிவில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனவன், ஆபீசர் காலையில் சொன்னது நினைவுக்கு வந்து, வாய் வைத்தே குடித்தான்.

"ஏமய்யா, பாகுந்தா?" என்றார் சீதாபதி.

"நல்லாகீது சார். சக்கரதான் தூக்கலு."

சீதாபதி சிரித்தார். உட்காரவைத்தார்களா, ஆம். காபி கொடுத்தார்களா, ஆம். எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இருவரும் எழுந்து வெளியே வந்தார்கள். ஜீப் டிரைவர் ஏழுமலையைக் காணோம். கூப்பிட்ட பிறகு, தோள்துண்டில் கையைத் துடைத்தபடி கிளப்பின் பின்பக்கத்திலிருந்து வந்தான்.

ஜீப் நகரி ரோட்டில் ஓடியது. கங்கையாவுக்கு இந்தக் காபியெல்லாம் ஒரு வேடிக்கைதான். அவன் வந்தது வேறு காரியமாக. நகரிக்கு வடக்கே அவன் ஊரான பாலகுண்டத்தில் சேரிக்கு ஒரு கிணறு வேண்டும் என்று சேரி ஜனங்கள் எழுதிப் போட்டு ரொம்ப நாளாகிறது. முதலில், எல்லைத் தகராறு தீரட்டும் என்றார்கள். மெட்ராஸுக்குப் போய்விடக்கூடிய ஊரில் ஆந்திராக்காரன் எதற்குக் கிணறு வெட்டுவான்? இப்போது திருத்தணிப் பக்கம் மெட்ராஸோடு சேரும், பாலகுண்டம் ஆந்திராவிலேயே இருக்கும் என்று தீர்மானமாகிவிட்டது. உடனே கங்கையா சித்தூருக்கு நடையாய் நடந்தான். ஆபீசில் இருந்தவர்கள், விசாரணை ஒன்று நடக்கிறது, அது முடிந்தால்தான் சொல்லமுடியும் என்றார்கள். அந்த விசாரணைக்காரரே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். தமிழும் தெலுங்கும் பேசத்தெரிந்த, பயப்படாத ஆள் ஒருவன் அவருக்குத் தேவையாக இருந்தது. இந்த ஆளோடு போனால் கிணறு வரும் என்று கங்கையா ஜீப்பில் ஏறினான்.

"மீ ஊர்ல இப்போ தண்ணிக்கு ஏம் சேஸ்தாரு?" என்று கேட்டார் சீதாபதி. அவர் தமிழ் அப்படித்தான் வரும், பாதி வழியில் தெலுங்கில் இறங்கிவிடும்.

"ஊருக் கெணறுதான் சார். நம்ம பொம்பளைங்க பானையக் கொண்டுபோய் அந்தாண்ட தள்ளி வச்சிட்டுக் குந்தியிருப்பாங்க. ஊருப் பொம்பளைங்க யாராச்சும் எறச்சி ஊத்துவாங்க. யசோதாம்மான்னு ஒரு மவராசி, காலையில வந்தா எல்லாப் பானைக்கும் ஊத்திட்டுத்தான் போவாங்க. அவங்க வரலன்னா உச்சி வெயிலு வரைக்கும் குந்திக்கினு இருக்கவேண்டியதுதான்."

"நீ கெணத்து வேல செய்றவன்னு சொன்னியே. எந்தக் கெணறு?"

"அதே கெணறுதான் சார். பங்குனி வந்தா தூரு வாரணும் இல்ல? நாங்கதான் எறங்குவோம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க வேல அது."

சீதாபதி பின்பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "கெணத்துக்குள்ள நீ எறங்கலாம். கயித்த மட்டும் உன் பெண்டாட்டி தொடக்கூடாதா?"

இதில் என்ன குழப்பம் என்று கங்கையாவுக்குப் புரியவில்லை. "தண்ணி எறச்சிட்டுத்தான எறங்கறோம் சார். வத்துன கெணறு பள்ளந்தான? பள்ளத்துல யாரு எறங்கினா இன்னா? தண்ணி ஊறினாத்தான் அது கெணறு. ஊற ஆரம்பிச்சதும் மேல ஏறிடுவோம். அப்பால மஞ்சத்தண்ணி தெளிச்சி, கற்பூரம் கொளுத்துவாங்க. அவ்ளோதான்."

ஆபீசர் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒருதரம், "பள்ளம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நகரியில் நெசவாளர் தெரு முனையில் ஒரு கிளப்பு. இங்கே முதலாளி எழுந்து நின்றே வரவேற்றார். காபி வந்தது. கங்கையா டம்ளரை எடுத்தான். கட்டைவிரல் நெளிவில் போய் உட்கார்ந்தது. வாய் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு.

அட, என்று பார்த்தான். எல்லா டம்ளரையும் ஒரே ஆசாரி அடித்திருந்தாலும், நெளிவைக்கூடவா ஒரே இடத்தில் போட்டு விற்பான்? அக்கம்பக்கத்து மேசைகளைப் பார்த்தான். மற்றவர்கள் கையில் இருந்ததெல்லாம் பளபளவென்று நேராக நின்ற டம்ளர்கள். கங்கையாவுக்குள் ஒரு குறுகுறுப்பு. இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பியை மேசைக்கு அடியிலேயே திறந்து, விரல் நுனியில் துளி எடுத்து, டம்ளரின் அடிப்பாகத்தில் ஒரு கோடு இழுத்தான். பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி காபியைக் குடித்து முடித்தான்.

அடுத்தது ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கிளப்பு. அங்கே காபி வந்ததும் குடிக்காமல் டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தான். கழுவியதில் பாதி போயிருந்தாலும் சுண்ணாம்புக் கோடு இருந்தது. அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டான்.

"ஏமய்யா?" என்றார் சீதாபதி.

"ஒண்ணியுமில்ல சார். குடிக்கிறேன்."

குடித்துவிட்டு, ஒதுங்கப் போகிறவன்போல் கிளப்பின் பின்பக்கம் போனான். ஏழுமலை அங்கே குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஜீப்பின் ஸ்பானர் பெட்டி திறந்திருந்தது.

"டைவரண்ணே, இது நம்ம ஜீப்புல வர்ற டம்ளரா?"

ஏழுமலை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பாத்துட்டியா? ஒனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது நைனா."

"இன்னாத்துக்குண்ணே?"

"இன்னாத்துக்கா? நீ வர்றதுக்கு முன்னாடி, மொத ஊர்லயே கிளப்புக்காரன் ஒருத்தன், சேரி ஆளு குடிச்ச டம்ளர்ல அப்பால யாருக்கு ஊத்துவேன், கிளப்ப இழுத்து மூடிட்டுப் போறேன்னு கத்துனான். கேஸு போட்டா நம்ம சாரு கோர்ட்டுக்கு நடக்கணும், நான் நடக்கணும், சாட்சி சொல்ல நீ நடக்கணும். டம்ளர நாங்களே கொண்டாறோம்னு நான்தான் சொன்னேன். அத்தோட எல்லாரும் அடங்கிட்டாங்க. அதுலேர்ந்து போற ஊர்லல்லாம் முன்னாடியே சொல்லி வச்சிட்றது. அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

"எனக்கு?"

"நீ காபி குடிச்சியா இல்லியா?"

கங்கையாவுக்குக் கோபம் வரவில்லை. உடனே வந்தது ஆச்சரியம்தான். ஊர் ஊராகத் தன்னைத் தேடி வந்த டம்ளரை வாங்கி ஒருதரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாருக்குத் தெரியுமா?"

"அவரு கேக்கல. நான் சொல்லல." ஏழுமலை டம்ளரைக் கந்தலில் சுற்றி ஸ்பானர்களுக்கு நடுவில் வைத்தான். பெட்டியை மூடியவன், கங்கையாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "இன்னொண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாத. போற எடமெல்லாம் ஆமா ஆமான்னு எழுதிக்கினு போறாரு. எல்லாமே ஆமான்னா, ஊருக் கெணறும் எல்லாருக்கும் தெறந்துகீதுன்னு ஆவும். அப்பறம் சேரிக்குத் தனியா எதுக்கு ஒரு கெணறுன்னு மேல கேப்பாங்க. சித்தூரு பக்கம் ஒரு சேரியில அப்பிடித்தான் நின்னுபோச்சி."

இப்போது வந்தது கோபம். தான் குடித்த காபியெல்லாம் சேர்ந்து, இன்னும் வெட்டாத கிணற்றைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. விடுவிடுவென்று முன்பக்கம் வந்து ஜீப்பருகில் நின்ற சீதாபதியிடம், "சார், அந்த டம்ளரு அவங்கள்து இல்ல. நம்ம ஜீப்புலதான் வருது. ஸ்பானர் பொட்டியில கீது, பாருங்க" என்றான்.

சீதாபதி போய்ப் பெட்டியைத் திறந்தார். கந்தலைப் பிரித்தார். ஏழுமலை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆபீசரின் காது மடல் சிவந்தது. கந்தலைப் பழையபடி சுற்றி வைத்தார்.

"உள்ள உக்காரவச்சாரா, காபி குடுத்தாரா, ரெண்டுதான் கேள்வி," என்றார் கடைசியில். "டம்ளர் எவரிதின்னு கேள்வியே லேது." அதைச் சொல்லும்போது அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்தார். "சரே. நாளைக்கு உன் ஊருக்கே போவோம். கெணத்தப் பாப்போம். கெணத்த ஜீப்புல கொண்டாற முடியாதில்ல? உன் பெண்டாட்டி தண்ணி எடுக்கட்டும். விடலன்னா, நான் கண்ணால பாத்தேன்னு எழுதறேன். கெணறு வரும்."

கங்கையாவுக்கு உயிர் வந்தது. கிராம முன்சீப் கோவர்த்தனனை அவனுக்குத் தெரியும், ஊரையும் தெரியும். சேரிக்காரி ஒருத்தி கயிற்றைத் தொட அவர்கள் விடவே மாட்டார்கள். அந்த நினைப்பு அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவன் பெண்டாட்டி கன்னியம்மாள் கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். கங்கையா எல்லாவற்றையும் சொன்னான். டம்ளர் கதையைக் கேட்டு அவள் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தாள். "அடப்பாவிங்களா! ஜில்லா பூராவுக்கும் ஒரு டம்ளரு வச்சே சமாளிச்சிட்டாங்களா!"

"சிரிக்காத, கேளு. நாளைக்கி ஒன்ன தண்ணி எடுக்கச் சொல்வாரு. நீ கயித்தாண்ட போனதும் அவங்க வெரட்டுவாங்க. வெரட்டணும். அப்பதான் நமக்குக் கெணறு."

"நான் போயி வெரட்டு வாங்கினு வரணும்."

"ஒரு நாளைக்கித்தாம்மே."

"தெனமுந்தான் வாங்கறேன். நாளைக்கி வாங்கறத ஒருத்தரு எழுதிக்குவாரு. அவ்ளோதான?" களியை உருட்டித் தட்டில் வைத்தாள். "சரி, வெரட்டலன்னா?"

"வெரட்டுவாங்க."

"வெரட்டலன்னா நான் எறைப்பேன். சொல்லிட்டேன்."

"எறைக்காத. எறச்சா, கெணறு தெறந்துகீதுன்னு எழுதிடுவாரு. கை வலிக்குதுன்னு சொல்லிட்டு நின்னுடு."

கன்னியம்மாள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "அந்த ராட்டினம் சுத்தற சத்தத்த நான் கண்ணாலம் ஆயி வந்த நாள்லேர்ந்து கேக்கறேன்யா" என்றாள். "கயிறு கையில இன்னா கனம் கனக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

மறுநாள் காலையில் ஜீப் போய் நின்றபோது கிணற்றடி பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. ராட்டினக் கட்டையில் மாவிலை. ஊர் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தூரத்தில், வழக்கமான இடத்தில், சேரிப் பெண்கள் பானைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்சீப் கோவர்த்தனன் இஸ்திரி போட்ட வேட்டியில் முன்னால் வந்து ஆபீசருக்கு மாலை போட்டார். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷர் என்பார்கள்.

"இது எல்லாருக்கும் பொதுக் கெணறுங்க. நாங்க எந்தக் காலத்துல வாணாம்னோம்? அவங்களா தள்ளி நிக்கறாங்க, பழக்க தோசம்," என்றார் முன்சீப். பிறகு சேரிப் பெண்களின் பக்கம் திரும்பி, "எம்மா கன்னியம்மா, வாம்மா. வந்து எடும்மா" என்று கூப்பிட்டார். வாளிக் கயிற்றின் நுனியைத் தானே அவிழ்த்து நீட்டினார்.

இதைக் கங்கையா எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முன்சீப் அவன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பேர் அவருக்குத் தெரியும் என்பதே இப்போதுதான் தெரிந்தது. கன்னியம்மாள் எழுந்து வந்தாள். ஊர்ப் பெண்கள் கொசுவத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கிணற்று மேடைக்குக் கீழே நின்று கங்கையாவைப் பார்த்தாள். அவன் யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினான்: வேண்டாம்.

"பயமா?" என்று கேட்டார் சீதாபதி. அவர் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. "நீங்களே முன்னாடி வரலன்னா அப்றம் எவரு ஏமி செய்வாரு?"

கன்னியம்மாள் ஆபீசரைப் பார்த்தாள், முன்சீப்பின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். மேடைமேல் ஏறினாள். அவர் கயிற்றைக் கல்மேல் போட்டுவிட்டு விலகிக்கொண்டார். அவள் வாளியை விட்டாள். ரொம்ப வேகமாக விட்டதில் வாளி தடதடவென்று சுவரில் இடித்துக்கொண்டு போய் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அவள் உள்ளே குனிந்து, வாளி சாய்ந்து நிரம்புவதை முழுக்கப் பார்த்தாள். பிறகு இழுத்தாள். ராட்டினம் கிரீச்சிட்டது. வாளி மேலே வந்ததும், அதை என்ன செய்வதென்று தெரியாதவள்போல் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வழிந்து அவள் காலை நனைத்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அடியே! இன்னாத்துக்குக் குந்திக்கினுகீறீங்க? பானைய எடுத்தாங்கடி!" என்று சேரிப் பெண்களைப் பார்த்துக் கத்தினாள்.

பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவள் இறைத்து இறைத்து ஊற்றினாள். எல்லாருடைய பானையும் நிறைந்தபிறகுதான் தன் பானையை வைத்தாள். கங்கையா அவளைத் தடுக்க நினைத்ததையே மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இவ்வளவு அழகாக இருந்து அவன் பார்த்ததில்லை.

சீதாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. யசோதாவிடம் போய், "இவங்க தினமும் எடுக்கலாமா அம்மா?" என்று கேட்டார். யசோதா முன்சீப்பைப் பார்த்தாள். "எடுக்கட்டுமே," என்றாள். ஆபீசர் எழுதிக்கொண்டார். ஜீப்பில் கொண்டுவந்திருந்த தகரப் பலகையை ராட்டினக் கட்டையில் ஆணியடித்து மாட்டினார்கள். எல்லாருக்கும் பொது என்று தெலுங்கில் எழுதியிருந்தது.

"நான் கண்ணால பாத்தேன் கங்கையா," என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார் சீதாபதி. "இது வேற எங்கயும் நான் பாக்கல."

"அப்போ எங்க கெணறு சார்?"

"இதே மீ கெணறு கதா?"

"நீங்க தெனமும் வந்து பாருங்க சார். ஜீப்பு இல்லாம வந்து பாருங்க."

"தினமும் எட்ல, எப்பிடி நான் வர்றது?" சீதாபதியின் முகம் கொஞ்சம் வாடியது. ஏதோ கேட்க வாயெடுத்தவர், முன்சீப் இளநீரோடு வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வண்டி கிளம்பும்போது ஏழுமலை ஸ்பானர் பெட்டியைத் திறந்து, கந்தலில் சுற்றிய டம்ளரைக் கங்கையாவின் கையில் வைத்தான். "வச்சிக்க நைனா. ஜில்லா முடிஞ்சிபோச்சி. இத்த இனிமே யாரும் தொடமாட்டாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் ஊர்ப் பெண் ஒருத்தியும் கிணற்றடிக்கு வரவில்லை. எல்லாரும் கொல்லைக் கிணறுகளைத் தேடிக் குடத்தோடு போனார்கள். மறுநாள் விடியும்போதே முன்சீப்பிடமிருந்து ஆள் வந்துவிட்டது: கங்கையா மண்வெட்டியோடு வரவேண்டும், கூடை இழுக்கச் சேரியிலிருந்து ரங்கனையும் நாலு பேரையும் கூட்டி வரவேண்டும்.

போய்ப் பார்த்தால், ஊர் இளவட்டங்கள் கிணற்றை இறைத்துத் தீர்த்திருந்தார்கள். கிணற்றடி முழுக்கச் சேறு. முன்சீப் தோள்துண்டைத் தகரப் பலகையின்மேல் போட்டுவிட்டு வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தார்.

"பங்குனியிலதான வாரினோம் ஆண்டே," என்றான் கங்கையா.

"நானா சொல்றேன்? ஊரு கேக்குது. பொம்பளைங்க தண்ணி எடுக்க மாட்டேன்றாங்க. ஆபீசருக்கு முன்னால நான் ஒங்கள வுட்டுக்குடுத்தனா, சொல்லு? அதே மாதிரி நீயும் ஊருக்கு ஒண்ணு பண்ணணும் இல்ல?" முன்சீப் மிரட்டவில்லை. தன் கடலைக்கொல்லையில் கூலிக்கு ஆள் இறங்கவேண்டிய சமயம், யாரை இறக்குவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை என்று மட்டும் சொன்னார்.

கங்கையா கிணற்றைப் பார்த்தான். "ஆண்டே, அவ கயித்தத் தொட்டதுக்கே கெணறு கெட்டுப்போச்சி. நான் உள்ளாரயே எறங்கறனே, அதுக்கு இன்னா?"

முன்சீப் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இன்னாடா புதுசா கேக்கற? அதான் தண்ணி எறச்சாச்சே. இப்ப அது பள்ளந்தான?"

முந்தாநாள் ஜீப்பில் கங்கையாவே சொன்ன சொல் அது. ரங்கன் கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டான். சட்டை இல்லாத முதுகில் கயிறு வழக்கமான தடத்தில் போய்ப் பதிந்தது. தூரத்தில், பழைய இடத்தில், கன்னியம்மாளும் மற்ற பெண்களும் காலிப் பானைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஊறி, மஞ்சள் தெளித்து, ஊர்ப் பெண்கள் எடுத்த பிறகு யாராவது ஊற்றுவார்களா என்று தெரியாது. யசோதா காலையில் அந்த வழியாகப் போனபோது, "அதான் நீங்களே எடுத்துக்கலாமே, என்னை எதுக்குப் பாக்கறீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தாள்.

அவன் இறங்கினான். அடியில் வாரத் தூர் ஒன்றும் இல்லை. கொஞ்சம் வண்டல், உதிர்ந்த மாவிலைகள். ராட்டினத்தில் நேற்று கட்டியவைதான். வாரிக் கூடையில் போட, கூடை மேலே போய்ப் போய் வந்தது. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. வடக்குப் பக்கத்துப் பாறை இடுக்கில் எப்போதும்போல் முதலில் கசிந்தது, பிறகு நூலாக ஒழுகியது. வழக்கமாக அவன் மேலே ஏறிவிடும் நேரம் இது. கங்கையா மடியில் செருகியிருந்த டம்ளரை எடுத்து இடுக்கில் வைத்தான். நிறைந்ததும் வாய் வைத்துக் குடித்தான். பல் கூசும் குளிர்ச்சி. ஒரு துளி மண்வாசனை இல்லை. மறுபடியும் வைத்தான்.

மேலே வட்ட வானத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஊறுதாடா?" என்று கேட்டார் முன்சீப்.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டிருந்தது. "இன்னும் இல்ல ஆண்டே," என்றான் கங்கையா.

தலை போய்விட்டது. அவன் சுவரில் சாய்ந்து நின்று, நெளிவில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் குடித்தான். காலைச் சுற்றித் தண்ணீர் ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஆட்கள் பேசிக்கொள்வது கேட்டது. யாரோ கற்பூரம் வாங்கிவரப் போனார்கள்.

"டேய் கங்கையா, ஊறுதா?"

"இல்ல ஆண்டே," என்றான். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.